தரையில் இறக்குங்கள்

எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. வருகிறவர்கள் முதுகுவலியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இருபத்தெட்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்ற பொம்பளைக்கு முதுகுவலி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். உண்மையில் என் முதுகுக்கு ஒன்றுமில்லை. கயிற்றுக் கட்டில் கிரீச்சிடும் சத்தம் எனக்கு ஆகாது. பக்கத்து வீட்டில் யாராவது புரண்டு படுத்தால்கூட என் உள்ளங்கை வியர்த்துவிடும். அதனால் பாய் விரித்துத் தரையில்தான் படுக்கிறேன்.

அந்தச் சத்தத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனவர் எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டு ஐயா. அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. நான்தான் அவரைக் கொன்றேன் என்று ஊரில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்கிற காரணம் தப்பு. ஆனால் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

கீழ்வேளூரிலிருந்து டவுன் பஸ் ஏறி, வாய்க்கால் பாலத்தில் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். என் தாத்தா காலம் வரை எங்கள் தெருவில் எல்லோரும் பண்ணையாட்கள். அப்பா காலத்தில் நிலைமை கொஞ்சம் நிமிர்ந்தது. பண்ணை வீட்டு நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், அப்பா பெயரில் குத்தகைக்கு வந்தது. தாலுகா ஆபீஸில் குத்தகைதாரர் என்று அவர் பெயர் பதிவாகியும் இருந்தது. அந்தக் காகிதத்தை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். எலி அரிசியைத் தின்னும், காகிதத்தைத் தின்னாது என்பது அவர் கணக்கு. அந்த ஆறு மா நெல்லில்தான் நான் நர்சிங் படித்தேன்.

நிலம் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்துச் சிமெண்டுக் களத்தை ஒட்டியே இருந்தது. ரோடு அகலமாகப் போகிறது என்ற பேச்சு வந்ததும், அதை மனை போட்டு விற்கலாம் என்று ஐயாவுக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நிலத்தை விடு என்றார். அப்பா விடமாட்டேன் என்றார். கேஸ் நடந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் எங்கள் தெருவில் நம்பிக்கை மாறும். புதிதாக ஒரு கொடிக்கம்பம் நடுவார்கள், பழையதற்குப் பெயிண்ட் அடிப்பார்கள். கேஸ் மட்டும் அடுத்த வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வீடு அரசாங்கம் கலர் டிவி கொடுத்த காலம் அது. எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. அப்பா அதைப் போட்டுவிட்டு, பார்க்காமல் கேஸைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

ஐயா கெட்டவர் இல்லை. நல்லவர் என்றும் சொல்லமாட்டேன். எனக்கு நர்சிங் சீட் கிடைத்தபோது வழியில் நிறுத்தி, "படிச்சு வந்து எங்களுக்கெல்லாம் ஊசி போடுவியா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆசீர்வாதமும் இருந்தது, வேறு ஒன்றும் இருந்தது. அந்த வேறு ஒன்றைத்தான் நான் நினைவில் வைத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.

அது நடந்தது ஒரு சித்திரை மாதக் காலை. கேஸில் எல்லை அளந்து கொடுக்கச் சொல்லி உத்தரவாகி, சர்வேயர் வந்திருந்தார். நான் லீவு போட்டுவிட்டு அப்பாவுக்குத் துணையாக வந்திருந்தேன். பூவரச மரத்தடியில் பண்ணை வீட்டுக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார் சர்வேயர். ஐயா, அவருடைய தம்பி, எங்கள் தெருவிலும் பண்ணை வீடு இருக்கும் பெரிய தெருவிலும் கொஞ்சம் பேர், எல்லோரும் களத்தில் நின்றிருந்தோம்.

எல்லைக்கல் ஒன்றைக் காணவில்லை. ஐயா ஓர் இடத்தைக் காட்டி, "கல்லு இங்கதான் இருந்துச்சு" என்றார். அப்பா வேறு இடத்தைக் காட்டினார். ஐயா குரலை உயர்த்தினார். அப்பா ரொம்பப் பணிவாகத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "கல்லு நடந்து போகுங்களா ஐயா?" என்று கேட்டார்.

யாரோ சிரித்தார்கள். ஐயா பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. களத்தில் இரண்டு அடி வைத்தார், உட்கார்ந்தார், அப்படியே மல்லாந்துவிட்டார்.

நான் ஒரு நர்ஸ். என் கண்முன் ஒரு மனுஷர் விழுகிறார். அப்போது எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அப்பாடா, இன்றைக்கு அளக்கமாட்டார்கள்" என்பதுதான். ஒரு நொடி கூட இருக்காது. அப்புறம் ஓடினேன். ஆனால் அந்த ஒரு நொடி இன்னும் என்கூடத்தான் இருக்கிறது.

தோளைத் தட்டி, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டேன். அசைவில்லை. வாய் திறந்து, கரையில் போட்ட கெண்டை மாதிரி ஒரு இழுப்பு இழுத்தது. நின்றது. மறுபடி ஒன்று.

"மூச்சு வருது, ஒண்ணுமில்ல" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். ஐயாவின் தம்பி, "வலிப்பும்மா, தள்ளு" என்று சாவிக்கொத்தை எடுத்து ஐயாவின் கைக்குள் திணித்து விரல்களை மடக்கினார். ஒருவர் துண்டால் விசிறினார். ஒருவர் சோடா வாங்க ஓடினார்.

அது மூச்சில்லை. இதயம் நின்றபிறகும் ஒன்றிரண்டு நிமிஷம் உடம்பு அப்படி இழுக்கும். அதை மூச்சு என்று நம்பிக் காத்திருப்பதுதான் முதல் தப்பு. இதை எனக்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் தஞ்சாவூரில் ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொம்மையின் நெஞ்சில் அழுத்திக் காட்டச் சொன்னபோது எல்லோரையும்விட நன்றாகச் செய்தவள் நான்தான். பாராட்டிக் கைதட்டினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க" என்று கத்திவிட்டு, சிமெண்டுக் களத்தில் முட்டி போட்டேன். நடு நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றக் கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்தினேன். நெஞ்சு கீழே போனது. விட்டேன், மேலே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வெயிலில் காய்ந்த களம் என் முட்டியைச் சுட்டது. அடியில் சிமெண்டு இருந்ததால் என் பலம் முழுவதும் நெஞ்சுக்குள் போனது. ஏழோ எட்டோ அழுத்தியிருப்பேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அவ்வளவுதான்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஐயாவின் மனைவி ஓடிவந்தார். ஊரில் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். வந்த வேகத்தில் அவர் கண்ணில் பட்டது, கணவர் வெறும் தரையில் கிடப்பதும், குத்தகைக்காரன் மகள் அவர் நெஞ்சின்மேல் கவிழ்ந்து அமுக்குவதும்தான்.

"உசுரோட இருக்கறவரத் தரையில போட்டு வெச்சிருக்கீங்களே, தூக்குங்கடா" என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவானாலும் இது ஒன்றுதான். உயிர் போகும் நேரத்தில்தான் ஒருவரைத் தரையில் இறக்குவோம். "இறக்கியாச்சா?" என்று கேட்டால் சாவு விழுந்ததா என்று அர்த்தம். பிழைக்கவேண்டிய ஆளைத் தரையில் போட்டு வைப்பது, நாமே அவரை அனுப்பி வைப்பது மாதிரி. எனக்கும் அது ரத்தத்தில் ஊறியதுதான். நான் படித்தது அதற்கு அப்புறம் வந்தது.

நாலு பேர் தூக்கினார்கள். சர்வேயர் அவசரமாக வரைபடத்தை உருவிக்கொண்டார். ஐயாவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள்.

"வேணாம்மா, தரையிலயே இருக்கட்டும்" என்றேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்கப்பனுக்கு நெலம் வேணும்னா எடுத்துக்கட்டும். எம் புருஷனக் கட்டையாட்டம் கீழ போடாத."

நான் வாயை மூடிக்கொண்டேன். மறுபடி தரை என்று சொன்னால், அவர் சாகவேண்டும் என்று நான் நினைப்பதாக எல்லோரும் நினைப்பார்கள். அந்த ஒரு நொடி எனக்குள் என்ன தோன்றியது என்பது எனக்குத் தெரியும். அதை அம்மா பார்த்துவிட்டார் என்று பயந்தேன். அந்தப் பயம்தான் என் வாயைக் கட்டியது.

கட்டிலில் அழுத்த ஆரம்பித்தேன். கிரீச் என்றது. நான் அழுத்த அழுத்த, கயிறு தொய்ந்தது. ஐயா முழுசாகக் கீழே போய் முழுசாக மேலே வந்தார். நெஞ்சு மட்டும் அமுங்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு நான் பிரமாதமாக வேலை செய்கிற மாதிரி இருந்திருக்கும். மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும் என்று பயிற்சியில் சொன்னது ஒவ்வொரு கிரீச்சுக்கும் எனக்குக் கேட்டது. வயலில் சேற்றைச் சமன் செய்கிற பரம்புப் பலகை ஒன்று பத்தடி தூரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அகலமான, உறுதியான பலகை. அதை அவர் முதுகுக்கு அடியில் கொடுத்தால் போதும். அந்தப் பலகையைப் பார்த்தேன். அதில் காய்ந்திருந்த சேற்றைக்கூடப் பார்த்தேன். அதை எடுத்து வா என்று என் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பலகை கேட்காதவள், அதை ஈடுகட்ட இன்னும் மூர்க்கமாக அழுத்தினேன். கட்டில் சட்டத்தில் ஒரு முட்டியை ஊன்றிக்கொண்டு முழு எடையையும் போட்டேன். கட்டில் ஆடியதில் கை நடுவிலிருந்து பக்கவாட்டில் வழுக்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். விறகு ஒடிகிற சத்தம் இல்லை. அதைவிடச் சின்னது. ஆனால் களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஒடச்சுட்டா" என்றார் ஐயாவின் தம்பி. என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "நெஞ்செலும்ப ஒடச்சுட்டாடா."

விலா எலும்பு ஒடியும். நன்றாக அழுத்தினாலும் ஒடியும். ஒடிந்தால், கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, விடாமல் அழுத்தவேண்டும். ஒடிந்த எலும்பு சேரும். நின்ற இதயம் தானாக ஓடாது. இதுவும் எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். ஆனால் நான் கையை எடுத்துவிட்டேன். எடுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். எதற்குத் துடைத்தேன் என்று தெரியவில்லை, கையில் ஒன்றுமில்லை.

அதற்குள் சோடா வந்துவிட்டது. அதை ஐயாவின் வாயில் ஊற்றினார்கள். கன்னத்தின் வழியாக வழிந்தது. நான் அவர் தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அப்புறம் நின்றுகொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அதில் வந்தவர் கட்டிலைப் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "எறக்குங்க, மொதல்ல தரையில எறக்குங்க" என்றார். அவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நாலு பேரும் மறுபேச்சுப் பேசாமல் இறக்கினார்கள். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர் முட்டி போட்டு அழுத்த ஆரம்பித்தார். என் முட்டி சுட்ட அதே இடம்.

"யாரு அழுத்திக்கிட்டிருந்தது?" என்று அழுத்திக்கொண்டே கேட்டார்.

"நான்தான் சார். ஸ்டாஃப் நர்ஸ்."

"எப்ப நிறுத்துனீங்க?"

நான் கயிற்றுக் கட்டிலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐயா இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

குத்தகைக்காரன் மகள் நெஞ்செலும்பை உடைத்துக் கொன்றுவிட்டாள் என்ற பேச்சு, பதினாறாம் நாள் காரியத்துக்குள் பக்கத்து ஊர் வரைக்கும் போய்விட்டது. நல்லவேளை, போலீஸ் வரைக்கும் போகவில்லை. என்னோடு வேலை செய்த டாக்டர், "எலும்பு ஒடையறது சகஜம்தானேம்மா, அதையா மனசுல வெச்சிக்கிட்டு இருக்கே?" என்றார். நான் மனசில் வைத்திருந்தது அது இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. தரையிலேயே விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார், தூக்கச் சொன்னது அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர்ப்பேச்சு திரும்பிவிடும். புருஷனை இழந்தவள் தலையில் அதையும் தூக்கி வைக்கவேண்டாம் என்று நினைத்தேன். பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். சொல்ல ஆரம்பித்தால், "நீ படிச்சவதானே, நீ ஏன் விட்டே?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதி மௌனம்.

அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர் அப்பா. ஒருநாள் அரிசிப் பானையிலிருந்து காகிதத்தை எடுத்து, உறையைத் துடைத்தார். "தாலுகா ஆபீஸுக்குப் போவணும், கூட வா" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் கொல்லலப்பா."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் நெலத்த விடறீங்க?"

"நான் அவருகிட்ட கடைசியாப் பேசுனது கேலிப் பேச்சு. அவரு விழுந்த களத்த ஒட்டி ஏரு ஓட்டச் சொல்றியா? அந்த அம்மா தெனமும் கொல்லக் கதவத் தொறந்தா எம் மூஞ்சியிலதான முழிக்கணும்."

ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்கள், அப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக. பக்கத்தில் நின்ற நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கேஸ் முடிந்தது. நிலத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்களை வரிசையாக நட்டார்கள். ரோடு அந்தப் பக்கம் வரவில்லை. மனை வாங்க ஆளும் வரவில்லை. மூன்று போகம் பார்த்த மண்ணில் கருவேலம் முளைத்தது. பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அப்பா கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

என் வார்டில் ஒரு தச்சரைக் கூப்பிட்டுப் பலகைகள் அறுத்து, கட்டில்களுக்குப் பின்னால் மாட்டி வைத்தேன். யாருக்காவது இதயம் நின்றால் முதலில் முதுகுக்கு அடியில் பலகை. கூட வேலை செய்தவர்கள், "அக்கா ஊஞ்சல் கட்டப் போறாங்க" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். அந்தப் பலகையில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. எழாதவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு தடவையும் பலகை உள்ளே போகும்போது எனக்குப் பரம்புப் பலகையும் அதன் காய்ந்த சேறும் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் கிராமங்களில் போய்ச் சொல்லிக் கொடுக்கும் வேலை வந்தது. வலங்கைமான் பக்கம், ஒரத்தநாடு பக்கம் என்று நிறைய ஊர்களுக்குப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகளிர் குழுக்களில், பள்ளிக்கூடங்களில், நெல் கொள்முதல் நிலையத்து மூட்டைகளுக்கு நடுவில்கூட வகுப்பு எடுத்திருக்கிறேன். "ஒரு ஊர்ல ஒருத்தர் விழுந்தாரு" என்று ஆரம்பிப்பேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பட்டியலில் எங்கள் ஊர் பெயர் வந்தால் மட்டும் எனக்குக் காய்ச்சல் வரும், அல்லது வேறு நர்ஸைப் பேசிச் சம்மதிக்க வைப்பேன். இப்படி எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டேன். அப்பா போனது அந்த இடைவெளியில்தான். நோயில் கிடந்து போனார். உயிர் பிரியப் போகிறது என்றதும் நானும் ஒரு கை பிடித்து அவரைத் தரையில் இறக்கினேன். எல்லோரும் அப்பாவுக்காக அழுதார்கள். நான் இரண்டு பேருக்காக அழுதேன்.

ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது மறுபடி எங்கள் ஊர் பட்டியலில் வந்தது. இந்தத் தடவை காய்ச்சல் வரவில்லை. வயசாகிவிட்டால் பொய்க் காய்ச்சலும் வராது போலிருக்கிறது. பொம்மையை எடுத்துக்கொண்டு போனேன்.

சமுதாயக் கூடத்தில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள், பெரிய தெருக்காரர்கள், ஒரே ஜமக்காளத்தில். அது ஒன்று மாறியிருந்தது. நான் பொம்மையை வெளியே எடுக்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பண்ணை வீட்டு அம்மா உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

நான் சொல்லவேண்டிய முதல் விஷயமே, ஆளைக் கட்டிலில் போடாதீர்கள், தரையில் இறக்குங்கள் என்பது. அதை அந்த அம்மா முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? கேட்ட நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் நான் காத்ததும், அப்பா இழந்ததும் வீணாகிவிடும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். இழுக்கிற மூச்சை நம்பாதீர்கள், இரும்பைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதையெல்லாம் சொன்னால் போதாதா? ஆனால் அந்த முப்பது வீட்டிலும் முப்பது கட்டில் இருக்கிறது. நாளைக்கே ஒருத்தர் விழுவார். தூக்கிக் கட்டிலில்தான் போடுவார்கள்.

பொம்மையைத் தரையில் வைத்தேன். "மொதல் வேல," என்றேன், "ஆளத் தரையில எறக்கணும். கட்டில்ல, மெத்தையில வெச்சு அமுக்குனா எல்லாம் வீண்."

நான் நினைத்ததுதான் நடந்தது. முன்வரிசையில் ஒரு பெண் முகம் சுளித்தாள். "என்னக்கா சொல்றீங்க, உசுரோட இருக்கறவங்களத் தரையில எறக்கறதா? நாம்பளே அனுப்பி வெக்கற மாதிரில்ல இருக்கு?" கூடவே நாலு பேர் ஆமாம் போட்டார்கள். வேண்டுமானால் பாய் விரித்துப் போடலாமா என்றாள் ஒருத்தி. நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

"எறக்குங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா எழுந்து நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க. அன்னிக்கு நான் அவரத் தரையில இருக்க விடல."

அம்மா ஜமக்காளத்தின் ஓரமாக நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஆம்புலன்ஸுல வந்த ஆளு மொதல் காரியமா அவரத் தரையில எறக்குனான்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்பவேவா?"

"அப்பவே. ஊரு ஒன்னத் திட்டுச்சு. நான் பேசாம இருந்துட்டேன். நீ எப்ப வாயத் தொறப்பேன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். நீயும் தொறக்கல. ஒங்கப்பா நெலத்த எழுதிக் குடுக்கப் போனப்பக்கூட நான் வீட்டுக்குள்ள படுத்திருந்தேன், எழுந்து வரல."

நான் அழுதிருப்பேன் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். இல்லை. எனக்குக் கோபம் வந்தது. தலை சூடாகிக் காது அடைக்கிற கோபம். அப்பா அந்தப் பேனாவை எழுத்தெழுத்தாக அழுத்திக்கொண்டிருந்தபோது இவர் உள்ளே படுத்திருந்தார். நான் யாரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஊமையாக இருந்தேனோ அவருக்கு எல்லாம் தெரியும். என் ஆறு மா, என் அப்பா, எல்லாம் இரண்டு பொம்பளைகளின் வாய்க்குள் புதைந்து போயிற்று. மன்னிக்கிற வார்த்தை ஒன்றுகூட என்னிடம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அம்மா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பொம்மையின் பக்கத்தில் முட்டி போட்டார். அந்த வயசில் அது எளிதில்லை. முட்டி சடசடத்தது. "சொல்லிக் குடு" என்றார்.

நானும் எதிரில் முட்டி போட்டேன். அவர் கைகளைப் பிடித்துப் பொம்மையின் நடு நெஞ்சில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். அந்த வீட்டார் ஒருவரை நான் தொட்டது அதுதான் இரண்டாவது தடவை. "முழங்கைய மடக்காதீங்க. நேரா அமுக்குங்க. ரெண்டு அங்குலம் உள்ள போவணும், அப்புறம் முழுசா மேல வரணும்."

அமுக்கினார். பொம்மை அசையவில்லை. சரியான ஆழத்துக்குப் போனால் அந்தப் பொம்மைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

"போதாது. இன்னும்."

கொஞ்சம் பலமாக அமுக்கினார். நெற்றியில் வியர்வை வந்தது. "இதுக்கு மேல அமுக்குனா எலும்பு ஒடஞ்சுருமே."

அவர் கண் என் கண்ணிலேயே இருந்தது.

"ஒடஞ்சா ஒடையட்டும்மா" என்றேன். "யாரு என்ன சொன்னாலும் கைய எடுக்காதீங்க."

அவர் மறுபடி அமுக்கினார். டக் என்றது. கையை எடுக்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன்.